மத்தியானம் மூடிய பாட்டில்

மாப்ளே,

மணி பதினொன்றே முக்கால். என் மேசைக்கு எதிரே ஜன்னல் கட்டையில் இருக்கும் இரண்டு லிட்டர் கலர் சோடா பாட்டிலின் வாயில் பலூன் எழுந்து நிற்கிறது. காலையில் அது ஆட்டுக்காதுபோலத் தொங்கிக் கிடந்தது. பத்து மணி வாக்கில், யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோல லேசாகத் தலையைத் திருப்பியது. நான் ஒரு பக்கம் திருத்தி முடித்து நிமிர்ந்தபோது, பாதித் தூக்கத்தில் எழுந்து உட்கார்ந்தவனைப்போல இருந்தது. இப்போது நேராக நின்று என்னைப் பார்க்கிறது. யாரும் ஊதவில்லை. வெயில் வந்தது, அவ்வளவுதான்.

பலூன் நின்றால் பேனாவை வைத்துவிட வேண்டும் என்பது இந்த வீட்டுச் சட்டம். நான் இப்போது பட்டாசுக் கம்பெனியில் இல்லை. சிவகாசி அச்சகம் ஒன்றுக்குத் தினசரிக் காலண்டர் புரூஃப் திருத்திக் கொடுக்கிறேன். காலண்டர் வெடிக்காது. ராகு காலத்தில் பிழை விழுந்தால் அதிகபட்சம் ஒரு கல்யாணம் அரை மணி நேரம் தள்ளிப்போகும். அதனால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. இருந்தாலும் வைத்துவிடுகிறேன். இன்று மட்டும், வைத்த பேனாவை மறுபடி எடுத்து உனக்கு எழுதுகிறேன். போர்மேன் மன்னிக்க வேண்டும்.

நீ போய் ஒரு வருஷம் முடிந்தது. முதலில் சர்க்கரை, பிறகு சிறுநீரகம், கடைசியில் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில். வெளியூர்க்காரர்கள் துக்கம் விசாரிக்கும்போது, "பட்டாசுக் கம்பெனியிலா?" என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். இல்லை, சர்க்கரை என்று சொன்னால் கொஞ்சம் ஏமாந்துபோகிறார்கள். அவர்கள் ஏமாந்துபோவதற்காகத்தான் நீ இருபது வருஷம் உழைத்தாய் என்பது அவர்களுக்குத் தெரியாது.

நாம் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பத்து வருஷம் ஒருவரையொருவர் ஏலே என்று கூப்பிட்டோம். பிறகு நீ என் தங்கை செல்வியைக் கட்டினாய். அன்று சாயங்காலமே அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் உன்னை வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டாள். வீட்டுக்குள் "வாங்க மாப்பிள்ளை, சாப்பிட்டீகளா" என்பேன். நீயும் முகம் மாறாமல் "ஆச்சு மச்சான்" என்பாய். தெருமுனை திரும்பியதும் இரண்டு பேரும் ஏலேவுக்கு இறங்கிவிடுவோம். இந்த மடலில் உன்னை நீ என்றே எழுதுகிறேன். அம்மாவும் இப்போது இல்லை.

கம்பெனி தாயில்பட்டிக்குப் போகும் வழியில் இருந்தது. கரிசல் காட்டுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில், வெள்ளையடித்த சின்னச் சின்ன அறைகள். கோடையில் தூரத்திலிருந்து பார்த்தால் அவை தரையில் நிற்காது. கானல் அவற்றைத் தூக்கி ஒரு முழ உயரத்தில் மிதக்கவிட்டிருக்கும். அந்த மிதக்கும் அறைகளுக்கு நீ போர்மேன். செல்வி அவற்றில் ஒன்றில் குழாய்களில் மருந்து செலுத்தினாள். வெடிக்கிற பொருளுக்கு நம் பக்கத்தில் மருந்து என்று பெயர். வேறு ஊரில் அதைச் சாப்பிடுவார்கள் என்பது அங்கே பல பேருக்கு நெடுநாள் தெரியாது.

நான் கேட்டுக்குப் பக்கத்து ஆபீசில் கடிதம் எழுதினேன். லைசென்ஸ் விண்ணப்பம், ஆர்டருக்குப் பதில், அறிவிப்புப் பலகை எல்லாம் என் பொறுப்பு. "வெப்பம் மிகும் வேளையில் மருந்துப் பணி நிறுத்தப்படும்" என்று ஒரு பலகை எழுதினேன். நல்ல வாக்கியம். செல்வியோடு வேலை செய்த சண்முகத்தாய் அதன் கீழே நின்று, "அண்ணே, எங்க வீட்டுல வெக்கைன்னுதான் சொல்லுவோம். வெப்பம் வந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். பலகையைத் தவிர மற்ற எல்லோரும் சிரித்தார்கள்.

வெப்பத்தை அறிய கம்பெனி ஒரு தெர்மாமீட்டர் வாங்கியிருந்தது. வெயிலில் வைத்தால் கெட்டுப்போகும் என்று மேனேஜர் அதைத் தன் அறையில், மின்விசிறிக்குக் கீழே மாட்டிவைத்தார். அந்த ஆண்டு கோடை முழுவதும் கம்பெனியின் வெப்பநிலை மிகவும் கட்டுக்குள் இருந்தது. பதிவேட்டில் தினமும் அதை நான்தான் எழுதினேன், அழகான கையெழுத்தில்.

நீ அந்தப் பதிவேட்டை ஒருநாள் புரட்டிப் பார்த்தாய். மறுநாள் ஒரு காலிக் கலர் பாட்டிலும் ஒரு பொட்டலம் பலூனும் கொண்டுவந்தாய்.

உனக்கு ஞாபகம் இருக்கும். பிளஸ் டூ இயற்பியலில் நீ இரண்டு முறை தோற்றாய். வாயுவின் கனஅளவுக்கும் வெப்பநிலைக்கும் உள்ள தொடர்பை விளக்குக என்ற கேள்விக்கு, "சூடு பட்டால் காற்றுக்கு இடம் போதாது" என்று ஒரே வரி எழுதிவிட்டு வந்தாய். அரை மார்க் போட்டார்கள். பின்னால் நான் நூலகத்தில் அந்தப் பாடப்புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அழுத்தம் மாறாதிருக்கும்போது, சூடு ஒவ்வொரு டிகிரி ஏறும்போதும், சுழி டிகிரியில் தனக்கிருந்த கனஅளவில் இருநூற்று எழுபத்து மூன்றில் ஒரு பங்கு வாயு விரிகிறது என்று முக்கால் பக்கத்துக்கு இருந்தது. உன்னிடம் வாசித்துக் காட்டினேன். அழுத்தம் மாறாதிருக்கும்போது என்ற இடத்தில் என்னை நிறுத்தி, சீசன் நேரத்தில் நம் மேனேஜரை வைத்துக்கொண்டு அது எப்படி முடியும் என்று கேட்டாய். மற்றபடி அந்த முக்கால் பக்கமும் உன் ஒரு வரிதான்.

பாட்டிலை மருந்து அறைகளிலிருந்து தள்ளி, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஒரு தகரத்துக்கு அடியில் வைத்தாய். அறைகளுக்குப் பக்கத்தில் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் நீ விடவில்லை. விடியற்காலையில், வேன்கள் வருவதற்கு முன், பாட்டிலை வாய் திறந்து சுவரில் கொஞ்ச நேரம் நிறுத்திவைப்பாய். "குளுந்த காத்தக் குடிக்கட்டும்" என்பாய். பிறகு ஊதாத பலூனை அதன் வாயில் மாட்டி நூலால் இறுக்குவாய். ஒரே ஒரு நாள், கையெழுத்துப் போட்டு மேனேஜரின் தெர்மாமீட்டரை வாங்கி, பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாய். மருந்தை விட்டு எழ வேண்டிய சூடு வந்தபோது பலூன் முழுசாக நின்றது. அதற்குப் பிறகு தெர்மாமீட்டர் உனக்குத் தேவைப்படவில்லை. மின்விசிறிக்குத் திரும்பிப் போய்விட்டது.

பெண்கள் அதை உடனே படிக்கக் கற்றுக்கொண்டார்கள். தொங்கினால் வேலை. தலை தூக்கினால் கையிலிருப்பதை முடி. நின்றால் எழுந்து வேப்பமரத்துக்கு வா. அதற்குச் செல்வி உன் பெயரையே வைத்தாள். "இன்னும் எந்திரிக்கல பாரு, வீட்டுலயும் இப்படித்தான்" என்று அவள் சொல்ல, அறையில் இருந்த நான்கு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களாம். மருந்துக்கு முன் சத்தமாகச் சிரிக்கமாட்டார்கள். மேனேஜர் முதலில் முகம் சுளித்தார். பார்க்க வருகிற வியாபாரிகள் பலூனை ரசித்ததும் அது தன் யோசனை என்று சொல்லத் தொடங்கினார்.

இனி நான் செய்ததை எழுத வேண்டும்.

சித்திரை மாதம். நீ ஒரு கல்யாணத்துக்காக விருதுநகர் போயிருந்தாய், மறுநாள் வருவதாக. அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு நான் ஆபீஸ் வாசலில் நின்றபோது ஒரு காகம் பலூனைக் கொத்திக் கிழித்துவிட்டுப் பறந்தது. பெண்கள் ஏற்கெனவே மருந்தை விட்டு எழுந்து, மரத்தடியில் பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உதவி செய்யும் எண்ணம் வந்தது. நம் பக்கத்தில் பல தவறுகள் அப்படித்தான் தொடங்குகின்றன. உன் பொட்டலத்திலிருந்து ஒரு சிவப்புப் பலூனை எடுத்து, தொட்டிக்குப் போய், கிழிந்ததைக் கழற்றிவிட்டு இதை மாட்டினேன். நூலை உன்னைவிட நன்றாக இறுக்கினேன். இலக்கியம் படித்தவனுக்கும் கை வேலை வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அந்தப் பலூன் பாட்டிலுக்கு உள்ளே போயிருந்தது. உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திரும்பி, நாக்கை விழுங்கியதுபோல. யாரோ விரலால் குத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஒரு பிழையைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிப்பேன் என்று பெருமைப்பட்டவன், என் முகத்துக்கு நேரே எழுதியிருந்ததைப் படிக்காமல் ஆபீசுக்குள் போனேன்.

முந்தைய நாள் மத்தியான வெயிலில் நான் மூடியது ஏற்கெனவே விரிந்து முடித்த காற்று. விடிகாலைக் குளிரில் அது சுருங்கி, பலூனை உள்ளே இழுத்துக்கொண்டது. வெயில் ஏற ஏற மெல்ல வெளியே விட்டது. மத்தியானச் சூடு வந்தபோது, நான் மூடிய அதே அளவுக்குத்தான் வந்து சேர்ந்திருந்தது. ஆகவே பலூன் தொங்கியது, சாதாரணமாகக் காலை ஏழு மணிக்குத் தொங்குவதுபோல, சாதுவாக. பன்னிரண்டு மணி. தொங்கியது. பன்னிரண்டரை. தொங்கியது. மேனேஜர் வெளியே வந்து பார்த்துவிட்டு, இன்று வெயில் குறைவு, லோடு முடிந்துவிடும் என்று மகிழ்ச்சியோடு உள்ளே போனார். செல்வி அறையில் இருந்தாள். கானலில் அந்த அறை முன் எப்போதையும்விட உயரத்தில் மிதந்தது.

ஒரு மணிக்கு நீ வந்தாய். பஸ்ஸை விட்டிறங்கி, கட்டாந்தரையில் நடந்து, சட்டை முதுகோடு ஒட்ட, கையில் செல்விக்கு வாங்கிய எண்ணெய்ப் பரோட்டாப் பொட்டலத்தோடு. கேட்டில் செல்போனைக் கொடுத்துவிட்டுத் திரும்பியவன் தொட்டியைப் பார்த்தாய். பிறகு வானத்தைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

"இத எப்ப மூடுன?"

"நேத்து ரெண்டு மணிக்கு" என்றேன். பாராட்டு வரும் என்று ஒரு கணம் காத்திருந்தேன்.

நீ பொட்டலத்தை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தாய். பட்டாசுக் கம்பெனியில் ஓடக்கூடாது. அதை நான் பலகையில் எழுதியதில்லை. அங்கே எல்லோருக்கும் உடம்பிலேயே எழுதியிருந்தது. ஓடுகிற ஒருவனைப் பார்த்தால் ஒருத்தி சட்டென்று எழுவாள், கையிலிருப்பது நழுவும். நீ கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவனைப்போல, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தாய். அந்த நடையை நான் இன்னும் கனவில் காண்கிறேன். கனவில் நீ நடந்துகொண்டே இருக்கிறாய், அறை தள்ளித் தள்ளிப் போகிறது, பரோட்டாப் பொட்டலத்தின் எண்ணெய் என் உள்ளங்கையில் சூடாக இறங்குகிறது. பயத்தின் வாசனை எது என்று யாராவது கேட்டால் என்னால் சரியாகச் சொல்ல முடியும். நல்ல சால்னா வாசனை.

முதல் அறை வாசலில் நின்று நீ சொன்னதைச் செல்வி பிறகு எனக்குச் சொன்னாள். "கைய எடுத்துட்டு, வச்சது வச்சபடி விட்டுட்டு, மெல்ல வாங்க. பரோட்டா வந்திருக்கு."

அவர்கள் வந்தார்கள். ஒவ்வோர் அறையிலிருந்தும் நான்கு பேர், ஒருவர் பின் ஒருவராக, வெறுங்காலோடு. முகத்திலும் கையிலும் அலுமினியப் பவுடர் படிந்து, அந்த வெயிலில் முழுக்க வெள்ளியால் செய்தவர்களைப்போல, சத்தமே இல்லாமல், நடுங்குகிற காற்றுக்குள் நடந்து வந்தார்கள். ஏதோ வேறொரு உலகத்தின் ஊர்வலம் வழி தப்பி நம் காட்டுக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. கடைசியில் நீ. வேப்பமரத்தடியில் தலைகளை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்த்தாய். பிறகுதான் உட்கார்ந்தாய்.

அன்று எதுவும் நடக்கவில்லை. அறைகள் அப்படியே நின்றன. சாயங்காலம் வெக்கை தணிந்தது. எந்தப் பத்திரிகையிலும் செய்தி வரவில்லை. பரோட்டா மட்டும் ஆளுக்கொரு விள்ளல்கூடத் தேறவில்லை.

பலூன் நிற்காமலேயே வேலையை நிறுத்தியதற்கு மேனேஜர் எழுத்தில் விளக்கம் கேட்டார். கம்பெனியில் எழுத்து என்றால் நான். நீ என் மேசைக்கு வந்து எதிரே உட்கார்ந்தாய்.

"எழுது மச்சான். பாட்டில நான்தான் தப்பா மூடிட்டேன்னு எழுது."

நான் மறுத்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் சொன்னது இவ்வளவுதான்: "நாந்தானலே மூடுனேன்."

"நீ மூடுனன்னு தெரிஞ்சா, போறவன் வாறவன்லாம் தொடுறான்னு சொல்லி எடுத்துருவாக. நான் தப்பா மூடுனேன்னா, இனிமே ஒழுங்கா மூடுன்னு சொல்லுவாக. பாட்டில் இருக்கும். உள்ள உந்தங்கச்சி இருக்கா. எழுது."

எழுதினேன். என் குற்றத்தை உன் பெயரில், என் வாழ்நாளின் மிகச் சிறந்த உரைநடையில். நீ வாசித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாய்.

மேனேஜர் பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய்த் தன் அறையில், தெர்மாமீட்டருக்குத் துணையாக வைத்தார். மறுநாள் வேன்கள் வந்தன. பெண்கள் இறங்கினார்கள், மரத்தடியில் உட்கார்ந்தார்கள். அறைக்குப் போகவில்லை. மேனேஜர் வந்து, அந்தப் பலூன்தான் தப்புக் காட்டியதே, அதை எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். சண்முகத்தாய் எழாமலேயே, "அது ஒரு நாளு தப்புக் காட்டுச்சு சார். உங்க ரூம்ல இருக்கிறது ஒரு நாளும் சரியாக் காட்டலயே" என்றாள். பத்து மணிக்குப் பாட்டில் வெளியே வந்தது. போர்மேனைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று பலகை எழுதச் சொன்னார்கள். எழுதினேன். நீ சொன்னபடியே ஆயிற்று.

விளக்கக் கடிதமும் கோப்பில் இருந்தது. இரண்டு வருஷம் கழித்துத் தலைமைப் போர்மேன் வேலை காலியானபோது அதைத்தான் எடுத்து வாசித்தார்கள். வேலை வேறொருவருக்குப் போயிற்று. அன்று டீக்கடையில் நீ சொன்னது ஒன்றுதான்: "கொஞ்சம் மோசமா எழுதியிருக்கலாம் மச்சான்."

அதன்பிறகாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கம்பெனியை விட்டு வந்த பிறகும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ அந்தப் பழைய பாட்டிலை எனக்குக் கொடுக்கும்படி செல்வியிடம் சொன்னாய். விடியுமுன் எழுகிற வழக்கம் எனக்கில்லை, இதற்காகவாவது எழட்டும் என்றாய். அப்போதும் நான் பாட்டிலைப் பற்றி மட்டும் பேசினேன்.

உன் பதினாறாம் நாளுக்குக் கம்பெனிப் பெண்கள் வேன் பிடித்து வந்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் இடத்தில் சண்முகத்தாயிடம் நான் சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு அந்தப் பாட்டிலை, என்று தொடங்கினேன்.

"நீங்க மூடுனதுதானண்ணே" என்றாள், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி. "மரத்தடியில இருந்து அம்புட்டுப் பேரும் பாத்தோமே. நாக்கக் கடிச்சிக்கிட்டு நூலு சுத்துனீக."

"யாரும் சொல்லலையே."

"அவுக சொல்லக்கூடாதுன்னுட்டாக. மச்சான் தானா எப்பச் சொல்லுவாகளோ அப்பச் சொல்லட்டும்னாக."

அத்தனை பேருக்கும் தெரிந்ததை நான் ஐந்து வருஷம் ரகசியமாகக் காப்பாற்றியிருக்கிறேன், மாப்ளே. நீ காத்திருந்திருக்கிறாய்.

கம்பெனியில் இப்போது வேறு மேனேஜர். பழைய கோப்புகள் இருக்கின்றன என்று செல்வி விசாரித்துச் சொன்னாள். அதன்பிறகும் ஒரு வருஷம் தள்ளிப்போட்டுவிட்டு, நேற்றுத்தான் ஒரு கடிதம் எழுதினேன். உன் யோசனைப்படி கொஞ்சம் மோசமாகவே எழுதியிருக்கிறேன். "பாட்டிலை மூடியது போர்மேன் இல்லை. நான். மத்தியானம் இரண்டு மணிக்கு மூடினேன். போர்மேன் அதைப் பார்த்ததால்தான் எல்லோரும் வெளியே வந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்ட விளக்கத்தை எழுதியவனும் நானே." கீழே என் கையெழுத்து. நாளைக் காலை சண்முகத்தாய் ஏறும் வேனில் போய்க் கொடுக்கப்போகிறேன். உனக்கு இனி அந்த வேலை தேவையில்லை என்று தெரியும். கோப்பு சரியாக இருக்கட்டும்.

இதை எழுதி முடிப்பதற்குள் வெயில் சரிந்துவிட்டது. பலூன் தலை சாய்க்கத் தொடங்கியிருக்கிறது. ரப்பரில் வெடிப்பு விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும். இப்போது மாற்றமாட்டேன். நாளை வேன் வருவதற்கு முன் எழுந்து, நூலை அவிழ்த்து, பாட்டிலை வாய் திறந்து ஜன்னலில் கொஞ்ச நேரம் வைப்பேன். குளிர்ந்த காற்றைக் குடிக்கட்டும். அதன் பிறகு மூடுகிறேன்.